டஸ்கனியா, லாங்கேயா, புரோசெக்கோ குன்றுகளா? இத்தாலியில் ஒரு வாரம் சைக்கிள் ஓட்ட எதைத் தேர்ந்தெடுப்பது

ஆல்ப்ஸ் கணவாய்கள் வேண்டாம், குன்றும் திராட்சைத் தோட்டமும் உள்ள நாட்டுப்புறம் போதும் என்று முடிவு செய்த பிறகுதான் பலருக்குக் குழப்பமே தொடங்குகிறது. பட்டியலில் கடைசியாக நிற்பவை பெரும்பாலும் மூன்று பெயர்கள்: மத்திய இத்தாலியில் டஸ்கனியின் சியெனாவைச் சுற்றிய பகுதி, வடமேற்கே பீட்மாண்டின் லாங்கே, வடகிழக்கே வெனெட்டோவில் கொனெலியானோவுக்கும் வால்டோப்பியாதெனேவுக்கும் இடைப்பட்ட, புரோசெக்கோ என்ற நுரைக்கும் ஒயின் பிறக்கும் குன்றுகள்.

படங்களைப் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. மூன்றிலும் குன்றின் தலையில் ஊர், ஊரைச் சுற்றித் திராட்சைக் கொடிகள், நடுவே ஒரு கோபுரம். யுனெஸ்கோ பட்டியலிலும் மூன்றுக்கும் இடம் உண்டு: டஸ்கனியின் வால் தோர்ச்சா 2004இல், லாங்கே 2014இல், புரோசெக்கோ குன்றுகள் 2019இல் சேர்ந்தன. ஆனால் டயருக்கு அடியில் இவை மூன்று வேறு உலகங்கள். ஒன்றில் தரை சோதிக்கும், ஒன்றில் ஓயாத ஏற்ற இறக்கம் சோதிக்கும், ஒன்றில் செங்குத்து சோதிக்கும். எந்தச் சோதனைக்கு உங்கள் காலும் சைக்கிளும் தயார் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அந்த வாரம் நன்றாக இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

தரை. தார்ச் சாலையா, மண்சாலையா, தாராக இருந்தாலும் வெடிப்பு விட்டதா என்பது முதல் கேள்வி. டயரின் அகலம், காற்றழுத்தம், வாடகை சைக்கிளின் வகை எல்லாம் இதிலிருந்தே முடிவாகும்.

ஏற்றத்தின் வடிவம். "ஒரு நாளில் 1,200 மீட்டர் ஏற்றம்" என்ற கணக்கு மட்டும் ஏமாற்றிவிடும். அதே 1,200 மீட்டரை 5 சதவீதச் சரிவில் நான்கு நீண்ட ஏற்றங்களாக ஏறுவது ஒன்று. 12 சதவீதத்தில் பத்துப் பன்னிரண்டு குட்டை ஏற்றங்களாக ஏறுவது முற்றிலும் வேறு. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 80 கிலோ. முன் பற்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 34 பல். பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 7.6 கி.மீ. இந்த வேகத்தில் 5 சதவீத ஏற்றத்துக்குச் சுமார் 95 வாட் போதும், 12 சதவீதத்துக்கு ஏறக்குறைய 210 வாட் வேண்டும். பின்னால் பெரிய பல் 28தான் என்றால், அதே 60 சுற்றைத் தக்கவைக்க 250 வாட் ஆகிவிடும். அவ்வளவு சக்தி இல்லாதவருக்கு மிதிக்கும் வேகம் 45க்கு இறங்கும், சுமை முழங்காலில் விழும். மூன்றாம் நாள் மாலை முழங்கால் வலிக்கிறது என்பவர்களில் பலருக்குக் காரணம் வயதோ பயிற்சிக் குறைவோ அல்ல, பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கான கேசட்டில் இல்லாத அந்த ஆறு பல்தான்.

போய்ச் சேரும் வழியும் பாதியில் திரும்பும் வழியும். இத்தாலியின் பிராந்திய ரயில்களில் சைக்கிள் படம் போட்ட பெட்டி இருந்தால் சைக்கிளை அப்படியே ஏற்றலாம். அதற்கான கட்டணமும் விதியும் இடத்துக்கு இடம் மாறும். அதிவேக ரயில்களில் கழற்றிப் பைக்குள் வைத்தால்தான் அனுமதி. தங்கும் ஊரில் நிலையம் இருக்கிறதா என்பதை வைத்து வாடகைக் காருக்கு ஆகும் செலவே கூடும் அல்லது குறையும்.

தண்ணீர், நிழல், பருவம். இவை தனித்தனியே சிறியவை. ஜூலை மாதத்தில் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

## டஸ்கனி: சியெனாவைச் சுற்றி

டஸ்கனி என்று ஒரே பெயரில் சொன்னாலும் சியெனாவுக்கு வடக்கும் தெற்கும் வேறு வேறு நிலங்கள். வடக்கே கியாந்தி. ஓக் காடுகள், இடையிடையே திராட்சை, பெரும்பாலும் தார்ச் சாலை, 4 முதல் 6 சதவீதத்தில் சில கிலோமீட்டர் நீளும் ஏற்றங்கள். சியெனாவிலிருந்து கையோலே, ராத்தா, காஸ்தெல்லீனா வழியாக மீண்டும் சியெனா வரும் சுற்று சுமார் 70 கி.மீ., ஏற்றம் ஏறக்குறைய 1,200 மீட்டர். முதல் நாளுக்கு இதைவிட நல்ல சுற்று அந்தப் பக்கத்தில் இல்லை. நிழல் உண்டு, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது ஊர் வரும், எங்கும் கொடூரமான செங்குத்து கிடையாது.

தெற்கே கிரேத்தே செனேசி, அதைத் தாண்டி வால் தோர்ச்சா. மரமில்லாத களிமண் மேடுகள். சியெனாவிலிருந்து அஷியானோ செல்லும் லவுரெத்தானா சாலை முகட்டின் மேலேயே ஓடும் தார்ச் சாலை. காட்சிக்காகவே போகலாம், ஆனால் 25 கி.மீ.க்கு மேல் நிழலும் இல்லை, தண்ணீருக்கு நம்பகமான இடமும் இல்லை. 750 மி.லி. பாட்டில் இரண்டையும் நிரப்பிக்கொண்டுதான் சியெனாவை விட்டுக் கிளம்ப வேண்டும்.

இந்தப் பகுதியின் அடையாளம் வெள்ளை மண்சாலைகள், இத்தாலிய மொழியில் ஸ்த்ராதே பியாங்கே. சுண்ணாம்புக் கல் ஜல்லியை இறுக்கிப் போட்ட பாதைகள் இவை. தார் போடப்பட்டு அழிந்துகொண்டிருந்த இவற்றைக் காப்பாற்றும் நோக்கத்தோடு, பழைய சைக்கிள்களில் மட்டும் ஓட்டும் லெரோய்கா என்ற நிகழ்வு 1997இல் கையோலேயில் தொடங்கியது. அதே பாதைகளில் 2007 முதல் தொழில்முறைப் பந்தயமும் நடக்கிறது. அது இப்போது ஸ்த்ராதே பியாங்கே என்ற பெயரிலேயே புகழ்பெற்று, சியெனாவின் காம்போ சதுக்கத்தில் முடிகிறது. லெரோய்காவின் பாதை ஆண்டு முழுதும் வழிகாட்டிப் பலகைகளோடு திறந்திருக்கிறது. மொத்தம் 209 கி.மீ., அதில் ஏறக்குறைய பாதி மண். அதை ஒரே நாளில் முடிக்க முயல்வது பெரும்பாலானவர்களுக்கு வீண் சாகசம். கையோலே, சியெனாவின் தெற்கு, மோந்தால்சீனோ, அஷியானோ என்று மூன்று நான்கு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சாலை தூரத்திலிருந்து ஒரே சீராகத் தெரியும். அருகே போனால் குறுக்கில் மூன்று பட்டைகள் இருக்கும். கார் சக்கரங்கள் ஓடிய இரண்டு தடங்கள் சிமெண்டு போலக் கெட்டி. அவற்றின் நடுவிலும் ஓரத்திலும் உருளும் ஜல்லி குவிந்திருக்கும். தடத்திலேயே போக வேண்டும். தடம் மாற்ற வேண்டுமானால் ஹேண்டிலைத் திருப்பாமல், உடம்பின் எடையை மெல்லச் சாய்த்துக் குறுகிய கோணத்தில் ஜல்லியைக் கடக்க வேண்டும். வளைவுக்கு முன்னால் வண்டிகள் பிரேக் பிடிக்கும் இடத்திலும், செங்குத்தான ஏற்றத்திலும் தரை துணி துவைக்கும் பலகைபோல வரி வரியாக எழும்பியிருக்கும். அங்கே பிரேக் பிடித்தால் சக்கரம் பாதி நேரம் காற்றில் இருக்கும், பிடி கிடைக்காது. அதனால் வரிகள் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுவதுதான் முறை. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கிச் சுழலும். உட்கார்ந்தபடியே, எடையைச் சற்றுப் பின்னால் வைத்து ஏறுங்கள்.

டயர் 30 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 32 முதல் 35 வரை இருந்தால் நிம்மதி. 70 கிலோ எடையுள்ளவருக்கு 32 மி.மீ. டயரில் முன்னால் 3.7 பார், பின்னால் 4 பார் காற்றழுத்தத்தில் தொடங்கலாம். ட்யூப் இல்லாத டயரானால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். பலர் தார்ச் சாலைப் பழக்கத்தில் 6 பார் அடித்துக்கொண்டு வருகிறார்கள். அப்போது டயர் கல்லின்மேல் படியாமல் துள்ளும், கை மரத்துப்போகும், கல்லில் மோதும்போது டயரின் பக்கவாட்டு கிழியும் வாய்ப்பும் கூடும்.

எல்லா மண் பகுதிகளும் ஒன்றல்ல. கையோலே பக்கம் புரோலியோ கோட்டைக்கு சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே ஏறும் சாலை, பழகுவதற்கு ஏற்றது. அஷியானோ அருகே மோந்தே சாந்தே மரியே பகுதி 11.5 கி.மீ., இடையிடையே இரட்டை இலக்கச் சரிவுகள். சியெனாவுக்கு அருகே லே தோல்ஃபே குட்டையானது, ஆனால் 18 சதவீதம் வரை எழும்பும். முதல் மண் நாளிலேயே மோந்தே சாந்தே மரியேக்குப் போகாதீர்கள்.

மழை பெய்தால் கதை மாறும். இத்தாலியின் பெரிய பல நாள் பந்தயமான ஜிரோ தித்தாலியாவில், 2010இன் மோந்தால்சீனோ கட்டத்தில் மழை கொட்டியது. கேடல் எவன்ஸ் வென்று வந்தபோது அவருடைய உலக சாம்பியன் சட்டையின் வானவில் பட்டை சேற்றுக்குள் மறைந்திருந்தது. பந்தய வீரர்களுக்குப் பின்னால் மாற்றுச் சைக்கிளோடு கார் வந்தது, நமக்கு வராது. கிரேத்தேயின் களிமண் ஈரமானால் டயரில் அப்பிக்கொண்டு, ஃபோர்க்குக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். பெருமழைக்கு மறுநாள் தார்ச் சாலையில் கியாந்திப் பக்கம் போய்விட்டு, அதற்கடுத்த நாள் மண்ணுக்கு வருவதே சரி.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே அதிகம். வெள்ளைத் தூசி செயினை அரைக்கும். தினமும் மாலையில் துடைத்து எண்ணெய் இட வேண்டும், இல்லையென்றால் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது தேய்மானக் கட்டணம் கேட்கப்படலாம். அக்டோபர் முதல் ஞாயிறு லெரோய்கா நடப்பதால் அந்த வாரம் கையோலேயைச் சுற்றி அறை கிடைப்பது கடினம். ஜூலை 2, ஆகஸ்ட் 16 பாலியோ குதிரைப் பந்தய நாட்களில் சியெனாவும் அப்படியே. கையோலேக்கு ரயில் கிடையாது. சியெனாவுக்கு ஃபுளோரன்ஸிலிருந்து பிராந்திய ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஃபுளோரன்ஸிலிருந்து சைக்கிளிலேயே வருவதானால் கியாந்திஜானா சாலை, அதாவது SR222. அழகான பாதை, ஆனால் கோடையில் சுற்றுலாக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நிறைய. காலை எட்டு மணிக்கு முன் கிளம்புங்கள். இரு நகரங்களுக்கும் நடுவே ஓடும் நான்குவழி விரைவுச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. வரைபடச் செயலி கார் வழியைக் காட்டினால் அதில் ஏறிவிடாதீர்கள்.

## லாங்கே: ஆல்பாவை மையமாக வைத்து

மண்சாலை வேண்டாம், தார்ச் சாலையில் நாள் முழுதும் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்றால் லாங்கேக்கு இணை இல்லை. என் பார்வையில், ரோடு சைக்கிளுக்காகவே அளந்து வைத்தது போன்ற நிலம் இதுதான்.

ஆல்பா நகரம் தனாரோ ஆற்றங்கரையில் 172 மீட்டரில் இருக்கிறது. அதற்குத் தெற்கே நீண்ட முகடுகள் விரல்களைப் போல நீண்டு கிடக்கின்றன. லா மோர்ரா (513 மீ.), செர்ராலுங்கா, மோன்ஃபோர்த்தே, தியானோ என்று ஊர்கள் முகட்டின் மேல். முகடுகளுக்கு நடுவே ஆழமான பள்ளத்தாக்குகள். இந்த ஒரு விவரம் புரிந்தால் லாங்கேயில் வழியைத் திட்டமிடுவது எளிது. முகட்டோடு போனால் இளைப்பாறும் நாள், முகட்டைக் குறுக்கே வெட்டினால் கடினமான நாள். செர்ராலுங்காவிலிருந்து எதிர்முகட்டில் இருக்கும் காஸ்திலியோனே ஃபல்லெத்தோ கைக்கு எட்டும் தூரத்தில் தெரியும். ஆனால் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி மறுபடி ஏறினால்தான் சேரலாம். இப்படி ஒரே நாளில் ஐந்தாறு முறை வெட்டினால், 50 கி.மீ. ஓடி முடிப்பதற்குள் 1,200 மீட்டர் ஏறியிருப்பீர்கள். வரைபடத்தில் சுற்று சிறிதாகத் தெரிகிறதே என்று இரண்டு சுற்றைச் சேர்த்துப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஏற்றங்கள் பெரும்பாலும் 3 முதல் 6 கி.மீ., 5 முதல் 7 சதவீதம். ஒரே தாளத்தில் மிதித்து ஏறலாம். முன்னால் 34, பின்னால் 30 பல் இருந்தால் போதும், 28 மி.மீ. டயர் போதும்.

முதல் சுற்றாக ஆல்பா, கிரின்சானே காவூர், காஸ்திலியோனே ஃபல்லெத்தோ, மோன்ஃபோர்த்தே, பரோலோ, லா மோர்ரா, மீண்டும் ஆல்பா என்று போகலாம். 50 கி.மீ.க்குச் சற்றுக் கூடக்குறைய வரும். பரோலோ ஊர் முகட்டில் இல்லை, சுற்றிலும் குன்றுகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் சுமார் 300 மீட்டரில் இருக்கிறது. அங்கே மதியம் சாப்பிட்டுவிட்டு லா மோர்ராவுக்கு 200 மீட்டர் ஏற வேண்டும் என்பதை நினைவில் வைத்துச் சாப்பிடுங்கள். ஆல்பாவுக்கு மறுபக்கம் பர்பரெஸ்கோ, நேய்வே, த்ரேய்சோ சுற்று இன்னும் குட்டை, வந்திறங்கிய நாளுக்குப் பொருத்தம். 2014 ஜிரோவில் பர்பரெஸ்கோவிலிருந்து பரோலோ வரை 41.9 கி.மீ. தனிநபர் நேர ஓட்டம் நடந்தது, ரிகோபெர்த்தோ ஊரான் வென்றார். அந்த வழியைப் பின்பற்றிப் பார்த்தால் லாங்கேயில் நேரான சாலை எவ்வளவு அரிது என்று புரியும்.

நீண்ட நாள் வேண்டுமென்றால் தெற்கே ஆல்தா லாங்காவுக்கு ஏறுங்கள். போஸ்ஸோலாஸ்கோ 757 மீ., முரத்சானோ 739 மீ. திராட்சை முடிந்து ஹேசல் கொட்டைத் தோப்புகளும் காடும் தொடங்கும், கார்கள் குறையும், வெப்பம் நாலைந்து பாகை இறங்கும். தெளிவான நாளில் முகட்டிலிருந்து மேற்கே ஆல்ப்ஸின் மோன்வீசோ சிகரம் தெரியும். பரோலோவைச் சுற்றியே ஒரு வாரத்தையும் முடித்துவிட்டு இந்தப் பக்கம் வராமலே திரும்புகிறவர்கள் லாங்கேயின் நல்ல பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இங்கே தவறு நேர்வது பருவத்தில். இலையுதிர் காலத்தில் தனாரோ பள்ளத்தாக்கில் காலை மூடுபனி கெட்டியாக நிற்கும். அப்போது பத்து மணிக்கு மேல் கிளம்பி நேராக முகட்டுக்கு ஏறிவிட வேண்டும், பல நாட்களில் மேலே வெயில் இருக்கும். பின்விளக்கு இல்லாமல் பனியில் போகவே போகாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. டிராக்டர் சக்கரங்கள் தோட்டத்துக் களிமண்ணைச் சாலையில் விட்டுப் போகும். காய்ந்திருந்தால் ஒன்றும் இல்லை, தூறல் விழுந்தால் அது சோப்பு. இறக்கத்தில், தோட்டத்து வாசல் உள்ள வளைவுகளில் மெதுவாகப் போங்கள். மண் சரியும் நிலம் என்பதால் மழைக்காலத்துக்குப் பிறகு சில சிறு சாலைகள் அடைக்கப்பட்டிருக்கும். 'ஸ்த்ராதா கியூசா' என்ற பலகை இருந்தால் சாலை மூடல் என்று பொருள். அதைத் தாண்டிப் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கிய பிறகு திரும்ப நேர்ந்தால் 250 மீட்டர் வீணாக ஏற வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை ஒரே பெரிய எச்சரிக்கை: அக்டோபர், நவம்பரில் ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த பூஞ்சை) விழா. வாரக் கடைசிகளில் அறை வாடகை எகிறும், கார்களும் குவியும். அதே ஊர் மே மாதத்தில் அமைதியாகவும் மலிவாகவும் இருக்கும். டுரினிலிருந்து ரயில் ஆல்பாவுக்கே வருவதால் கார் தேவைப்படாது.

## புரோசெக்கோ குன்றுகள்: கொனெலியானோ முதல் வால்டோப்பியாதெனே வரை

மூன்றில் உயரம் மிகக் குறைந்த குன்றுகள் இவைதான், ஆனால் செங்குத்து மிக அதிகம். இங்கே கொடிகள் ஏறும் சரிவுகளில் இயந்திரம் நிற்காது. பல இடங்களில் இன்றும் கையால்தான் அறுவடை. சாலையும் அதே சரிவில்தான் ஏறுகிறது.

உதாரணம், சான் பியேத்ரோ தி ஃபெலெத்தோவில் உள்ள கா தெல் போஜ்ஜோ. நீளம் 1.1 கி.மீ.தான். சராசரி 12 சதவீதத்துக்கு மேல், உச்சம் 19. 34க்கு 34 பல் வைத்திருந்தாலும் அந்த 19இல் மணிக்கு 5.4 கி.மீ. வேகத்துக்கு 220 வாட்டுக்கு மேல் வேண்டும், பெடல் நிமிடத்துக்கு 43 சுற்றுதான் வரும். இதைவிட மெதுவாகப் போனால் சைக்கிளை நேராக வைத்திருப்பதே கடினமாகிவிடும். ஊர்க்காரர்கள் இதைச் சுவர் என்று அழைப்பதில் மிகையில்லை. 2020 ஜிரோவின் தனிநபர் நேர ஓட்டம் கொனெலியானோவிலிருந்து வால்டோப்பியாதெனே வரை 34.1 கி.மீ. இந்தச் சுவரைத் தொடக்கத்திலேயே ஏறிப் போனது. ஃபிலிப்போ கன்னா வென்றார்.

இப்படிச் சொன்னதும் பயந்து விலக வேண்டாம். இந்தப் பகுதிக்கு வேறு இரண்டுக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு: குன்றுகளுக்கு நடுவிலும் தெற்கிலும் சமவெளி இருக்கிறது. கால் வலிக்கிறதா, பியேவே ஆற்றுப் பக்கம் இறங்கிச் சமதரையில் 40 கி.மீ. ஓட்டி அந்த நாளை முடித்துவிடலாம். சியெனாவில் தங்கினாலும் ஆல்பாவில் தங்கினாலும் சமதரை நாள் என்று ஒன்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும். தெற்கே தனியாக நிற்கும் மோன்தெல்லோ குன்று 371 மீட்டர்தான். அதன் குறுக்கே 'ப்ரேசா' என்று எண் போட்ட 21 சிறு சாலைகள். 1985 உலக சாம்பியன் போட்டி இங்கேதான் நடந்தது, யோப் சூட்டமெல்க் வென்றார். நிழலோடு, கார் குறைவாக, எண்ணை மாற்றி மாற்றி ஏறி இறங்கலாம். மழை மிரட்டும் நாளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, எந்த நேரமும் பதினைந்து நிமிடத்தில் ஓர் ஊருக்குள் போய்விடலாம்.

வடக்கே தொவேனாவிலிருந்து சான் போல்தோ கணவாய், உச்சி 706 மீ. 1918இல் ஆஸ்திரிய ஹங்கேரிப் படை வெட்டிய சாலை. மேற்பகுதியில் பள்ளத்தாக்கு மிகவும் குறுகலாக இருப்பதால் ஐந்து கொண்டை ஊசி வளைவுகளைப் பாறைக்குள்ளேயே சுரங்கமாகக் குடைந்திருக்கிறார்கள். சாலை ஒருவழி அளவுதான் என்பதால் சிக்னல் விளக்கு மாறி மாறி ஒரு பக்கத்தை விடும். இந்த விளக்கு கார் வேகத்தை நினைத்து வைக்கப்பட்டது. ஏறும் சைக்கிள்காரர் பாதியில் இருக்கும்போதே எதிர்ப்பக்கம் பச்சை விழக்கூடும். சுரங்கத்துக்குள் ஓரமாகப் போங்கள், முன்விளக்கும் பின்விளக்கும் எரியட்டும். இத்தாலியச் சட்டப்படி சுரங்கத்தில் ஒளிரும் மேலாடை கட்டாயம். ஊருக்கு வெளியே, சூரியன் மறைந்து அரைமணி கழித்துத் தொடங்கி உதயத்துக்கு அரைமணி முன்பு வரையும் அது கட்டாயம். மடித்தால் கைக்குட்டை அளவுதான், முதுகுப் பையில் கிடக்கட்டும்.

ஒரே ஒரு நாள் உண்மையான மலை வேண்டும் என்பவருக்கு மேற்கே மோந்தே கிராப்பா (1,775 மீ.) எட்டும் தூரத்தில் இருக்கிறது. குன்று வாரத்துக்குள் ஒரு பெரிய மலையைச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு மற்ற இரண்டிலும் இவ்வளவு எளிதல்ல. டஸ்கனியில் அமியாத்தா (1,738 மீ.) உண்டு, ஆனால் சியெனாவிலிருந்து அது தூரம்.

குறைகள்: பள்ளத்தாக்கின் முதன்மைச் சாலைகளில் தொழிற்சாலைகளும் லாரிகளும் உண்டு. டஸ்கனியின் தனிமையை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமே. வழியைச் சிறு சாலைகளில் வரைந்துகொள்ள வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலையடிவாரத்தில் பிற்பகல் இடிமழை வழக்கம், இரண்டு மணிக்குள் திரும்பிவிடும்படி கிளம்புங்கள். செங்குத்தான இறக்கம் பிரேக்கைத் தின்னும். கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் உள்ள சைக்கிளோடு இங்கே வர வேண்டாம், தொடர்ந்து பிடித்தால் ரிம் சூடேறிக் கெடும். டிஸ்க் பிரேக்கானாலும் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் வாரத்தின் தொடக்கத்திலேயே மாற்றிவிடுங்கள்.

கொனெலியானோ, வெனிஸிலிருந்து ஊதினே செல்லும் முதன்மை ரயில் பாதையில், சுமார் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. வெனிஸுக்கு விமானத்தில் வந்து இறங்குபவருக்கு மூன்றில் மிக எளிதானது இதுதான்.

## ஒரே பார்வையில்

| | டஸ்கனி (சியெனா) | லாங்கே (ஆல்பா) | புரோசெக்கோ (கொனெலியானோ) |
|---|---|---|---|
| தரை | தார், கூடவே வெள்ளை மண் | தார் | தார் |
| ஏற்றத்தின் வடிவம் | கியாந்தியில் மிதமான நீளம், தெற்கே மண்ணில் செங்குத்து | 3–6 கி.மீ., 5–7% | குட்டை, 10% தாண்டும் |
| டயர் | 32–35 மி.மீ. | 28 மி.மீ. | 28 மி.மீ. |
| பின் பல் (முன் 34) | 34 | 30 | 34 |
| சமதரை நாள் | கடினம் | கடினம் | எளிது |
| ரயில் | சியெனா வரை, கையோலேக்கு இல்லை | ஆல்பா வரை | கொனெலியானோ வரை, அடிக்கடி |
| நல்ல மாதங்கள் | ஏப்ரல்–ஜூன் தொடக்கம், செப்டம்பர் பிற்பகுதி | மே–ஜூன், செப்டம்பர் | மே–ஜூன், செப்டம்பர் |
| தவிர்க்க | பெருமழைக்கு மறுநாள் மண், ஜூலை–ஆகஸ்ட் வெயில் | ட்ரஃபிள் விழா வாரக்கடைசி | கோடைப் பிற்பகல் |

## யாருக்கு எது

இது முதல் இத்தாலிப் பயணம், இருப்பது 28 மி.மீ. டயர் உள்ள சாதாரண ரோடு சைக்கிள், ஒரு நாளில் 60 கி.மீ. ஓட்டுவேன் என்றால் தயங்காமல் லாங்கே. எதிர்பாராத சங்கடங்கள் மூன்றில் இங்கேதான் குறைவு.

மண்சாலையில் ஓட்டிய அனுபவம் கொஞ்சமாவது இருந்தால், அல்லது கற்றுக்கொள்ளும் ஆவல் இருந்தால் டஸ்கனி. ஆனால் மண்ணைத் தொடாமல் டஸ்கனியில் ஒரு வாரம் என்றால், லாங்கேக்குப் போவதே மேல். கியாந்தியின் தார்ச் சாலைகள் நல்லவைதான், ஆனால் அதே பணத்துக்கும் அதே கால் வலிக்கும் லாங்கேயில் கார்கள் குறைவு, வழிகள் அதிகம்.

குழுவில் பலம் ஏறுக்குமாறாக இருந்தால், ஒருவர் செங்குத்தைத் தேடுகிறார், மற்றவர் சமதரையை விரும்புகிறார் என்றால் கொனெலியானோ. காலையில் பிரிந்து, மதியம் ஃபோல்லீனா மடாலயத்தருகே சந்தித்துக்கொள்ளலாம். சைக்கிளே ஓட்டாத துணை உடன் வருகிறார் என்றாலும் இதுவே நல்லது, ரயில் ஏறினால் வெனிஸ். சியெனாவும் அவர்களுக்கு நல்ல ஊர்தான். ஆல்பா சிறியது, இரண்டு நாளில் பார்த்து முடிந்துவிடும்.

ஏற்றமே வேண்டாம், குன்றுகளைக் கீழிருந்து பார்த்தால் போதும் என்பவர்கள் இந்த மூன்றையும் விட்டுவிட்டு உம்ப்ரியாவுக்குப் போகலாம். ஸ்போலேத்தோவிலிருந்து அசீசி வரை பள்ளத்தாக்கின் அடியிலேயே ஏறக்குறைய 50 கி.மீ. சைக்கிள் பாதை இருக்கிறது. கடைசியில் அசீசி ஊருக்குள் ஏறுவது மட்டுமே ஏற்றம்.

## பணம் கட்டும் முன்

நல்ல வாடகைச் சைக்கிளுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 யூரோ வரை ஆகும். சொந்தச் சைக்கிளை விமானத்தில் கொண்டுபோவதற்கு விமான நிறுவனக் கட்டணம், பெட்டி, ரயிலில் அந்தப் பெட்டியை இழுக்கும் சிரமம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஐந்து நாள் வரையில் வாடகையே பெரும்பாலும் லாபம். சொந்தப் பெடலையும், இருக்கை உயர அளவையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

கடைக்கு எழுதும்போது சைக்கிளின் பெயரைக் கேட்பதைவிட மூன்று எண்களைக் கேளுங்கள்: முன்னால் சிறிய சக்கரத்தில் எத்தனை பல், கேசட்டில் பெரிய பல் எத்தனை, ஃபிரேமில் எத்தனை மி.மீ. டயர் வரை நுழையும். பந்தயச் சைக்கிள் என்று பெருமையாகச் சொல்லி 36க்கு 28 தருகிற கடைகள் உண்டு. முன்கூட்டியே கேட்டால் கேசட்டை மாற்றி வைப்பார்கள். சனிக்கிழமை மாலை போய் நின்று கேட்டால் முடியாது. 34 பல் கேசட்டுக்கு நீளமான கை உள்ள பின் கியர் மாற்றி (டீரெய்லர்) வேண்டும், செயினும் நீளமாக வேண்டும்.

வழியில் தண்ணீர் பெரும்பாலும் ஊர்ச் சதுக்கத்துக் குழாயில் கிடைக்கும். 'அக்குவா பொட்டாபிலே' என்றிருந்தால் குடிக்கலாம், முன்னால் 'நோன்' இருந்தால் குடிக்கக் கூடாது. சிற்றூர்க் கடைகள் மதியம் ஒரு மணி வாக்கில் மூடி நான்கு மணி வாக்கில்தான் திறக்கும், ஞாயிறு பிற்பகல் பல கடைகள் திறப்பதே இல்லை. அதனால் பன்னிரண்டரைக்குள் ரொட்டியோ வாழைப்பழமோ பையில் இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே சட்டப்படி ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். இருவர் இணையாகப் பேசிக்கொண்டு போவதை உள்ளூர்க் குழுக்கள் செய்கின்றன என்பதற்காக நீங்களும் செய்யாதீர்கள், வளைவுக்குப் பின்னால் வருவது அறுவடை ஏற்றிய டிராக்டராக இருக்கலாம்.